நிரூபிக்க வேண்டியவர் யார்? தோப்புக்கொல்லை முகாமும் குடியேற்றச் சட்டமும்

புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகும் சாலையில், முந்திரிக் காடுகளை ஒட்டி இருக்கிறது திருவரங்குளம். பக்தர்களுக்கு அரங்குளநாதர் கோயிலைச் சொன்னால் தெரியும். உளுந்து விதைக்கும் உழவர்களுக்கு வம்பன் பயறு ஆராய்ச்சி மையத்தைச் சொன்னால் தெரியும். இந்தத் திருவரங்குளம் ஊராட்சி ஒன்றியத்தில்தான் தோப்புக்கொல்லை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. லெனாவிளக்கு, அழியாநிலை இரண்டையும் சேர்த்தால் புதுக்கோட்டை மாவட்டத்தில் இப்படி மூன்று முகாம்கள்.

முகாமைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போனவர்கள் ஏராளம். கடல் தாண்டி வந்தவர்களும் கடல் தாண்டிப் போனவர்களின் குடும்பங்களும் ஒரே சந்தையில் காய்கறி வாங்குகிறார்கள். இரு தரப்பையும் கவனிப்பதற்குத் தமிழ்நாடு அரசு வைத்திருக்கும் துறையும் ஒன்றுதான்: அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை. இரு தரப்புக்கும் பொதுவான கவலையும் ஒன்று. குடியேற்றச் சட்டத்தின் பெயரைச் சொல்லி ஓர் அதிகாரி வாசலில் வந்து நின்றால் அவரிடம் என்ன கேட்கலாம், எதைக் காட்ட வேண்டும், எதில் கையெழுத்துப் போடக் கூடாது, யாரைக் கூப்பிட வேண்டும்?

ஒருவர் திருடினார் என்று காவல்துறை சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியது காவல்துறை. ஒருவர் வெளிநாட்டவர் என்று அரசு சொன்னால், அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது அவர். 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டவர் சட்டம் 9ஆம் பிரிவில் இதைச் சொன்னது. அதற்குப் பதிலாக வந்த 2025ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டமும் இதையே வைத்துக்கொண்டது. ஆகவே இந்தத் துறையில் ‘உரிமையைத் தெரிந்துகொள்வது’ என்பது பாதி வேலைதான். அதிகாரி வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே சேர்த்து வைத்த தாள்கள்தான் அன்றைக்குப் பேசும். படகில் உயிர் தப்பி வந்தவர்களிடமும், முகாமிலேயே பிறந்தவர்களிடமும் அந்தச் சுமையை முழுவதுமாக இறக்கி வைத்துவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்வது நியாயமில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

வந்தவர்களின் கணக்கிலிருந்து தொடங்குவோம். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் 2012 ஆகஸ்டு வரை இந்தியாவுக்குள் வந்த இலங்கை அகதிகள் 3,04,269 பேர் என்கின்றன மத்திய உள்துறை அமைச்சகத்தின் ஆண்டறிக்கைகள். 1995 மார்ச் வரை 99,469 பேர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதற்குப் பிறகு அரசே ஏற்பாடு செய்து அனுப்பியது கிடையாது. பலர் தாங்களாகவே திரும்பினார்கள், பலர் வேறு நாடுகளுக்குப் போனார்கள். இன்று தமிழ்நாட்டில் நூற்றுச் சொச்சம் முகாம்களில் சுமார் 58 ஆயிரம் பேரும், முகாமுக்கு வெளியே காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு வாழும் ‘வெளிப்பதிவு’க்காரர்கள் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நம்மிடம் இல்லை. எனவே பேச்சில் ‘அகதி’ என்று அழைக்கப்படுபவர், 2003ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தின் பார்வையில் ‘சட்டவிரோதக் குடியேறி’. மாதப் பணக்கொடை தருவதும், ரேஷன் தருவதும், பள்ளியில் சேர்ப்பதும் அரசாணைகளின் கருணை. 2021 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்த 317.40 கோடி ரூபாய்த் திட்டம், 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகச் சொன்னது. குடும்பத் தலைவருக்கான பணக்கொடை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. அகதிகள் முகாம் என்ற பெயர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது. இவை உண்மையான நன்மைகள். கூரை ஒழுகிய வீட்டில் பிள்ளை வளர்த்தவர்களுக்குத்தான் கான்கிரீட் வீட்டின் அருமை தெரியும். ஆனால் வீட்டுச் சாவியைக் கொடுத்த கையோடு, ‘நீங்கள் சட்டப்படி யார்’ என்பதற்கான தாளை யாரும் கொடுக்கவில்லை.

அந்தத் தாள்களைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு முகாம் குடும்பத்தின் பிளாஸ்டிக் பையைப் பிரித்தால் என்னென்ன இருக்கும்? மண்டபத்தில் இறங்கியபோது பதிந்த பதிவின் நகல், முகாம் குடும்ப அட்டை, அடையாள அட்டை, ஆதார், பிள்ளைகளின் பள்ளி மாற்றுச் சான்றிதழ்கள், அரசு மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்று, அதிர்ஷ்டம் இருந்தால் தாத்தாவின் இலங்கைப் பிறப்புப் பத்திரம். யாழ்ப்பாணத்திலோ மன்னாரிலோ ‘இராசேந்திரம்’ என்று பதிந்த பெயர், இங்கே பள்ளியில் ‘ராஜேந்திரன்’ ஆகியிருக்கும். அங்கே தகப்பன் பெயர் முழுதாக முன்னால் நிற்கும். இங்கே அது ஓர் எழுத்தாகச் சுருங்கி இனிஷியல் ஆகிவிடும். ஆங்கிலத்தில் எழுதும்போது அங்கே ஒரு எழுத்துக்கூட்டல், இங்கே இன்னொன்று. பிறந்த தேதி தெரியாதவர்களுக்குப் பதிவு எழுதியவர் மனம்போனபடி ஒரு தேதியைப் போட்டிருப்பார். இவ்வளவும் ஒரே ஆளைப் பற்றிய தாள்கள்தான். ஆனால் சந்தேகக் கண்ணோடு பார்க்கும் அதிகாரிக்கு அதில் மூன்று ஆட்கள் தெரிவார்கள்.

இந்த இடத்தில் கைகொடுக்கும் தீர்ப்பு ஒன்று அசாமிலிருந்து வந்தது. 2024 ஜூலை 11 அன்று முகமது ரஹீம் அலி வழக்கில் உச்ச நீதிமன்றம், நிரூபிக்கும் சுமை தனிநபர் மேல் இருக்கிறது என்பதற்காக, எந்த ஆதாரமும் இல்லாமல் யாரோ ஒருவரைப் பிடித்து நீ வெளிநாட்டவன் என்று சொல்லிவிட முடியாது என்றது. முதலில் சந்தேகத்துக்கான அடிப்படையை அரசு காட்ட வேண்டும். அதைச் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும். பெயரின் எழுத்துக்கூட்டலிலும் தேதியிலும் உள்ள சிறு வேறுபாடுகளை வைத்து ஒருவரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கக் கூடாது என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. தீர்ப்பு வந்தபோது ரஹீம் அலி உயிரோடு இல்லை. சுமையைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றப் படியேற எத்தனை ஆண்டுகள் பிடிக்கும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சாட்சி.

இது வெளிநாட்டவருக்கான சங்கதி மட்டும் என்று இந்தியக் குடிமக்கள் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2025 மே மாதத்துக்குப் பின், வங்காள மொழி பேசும் தொழிலாளர்களை டெல்லியிலும் குருகிராமிலும் வளைத்துப் பிடித்தார்கள். மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு கர்ப்பிணி, கணவரோடும் மகனோடும் வங்கதேசத்துக்குத் தள்ளப்பட்டார். செப்டம்பரில் கல்கத்தா உயர் நீதிமன்றம் அந்த வெளியேற்றத்தை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகு டிசம்பரில்தான் அவர் பிறந்த மண்ணுக்குத் திரும்ப முடிந்தது. அவர் பேசிய மொழியே அவர் மேல் சந்தேகமாக விழுந்தது.

தோப்புக்கொல்லைக்குத் திரும்புவோம். முகாமில் பிறந்த பிள்ளைகள் இந்தியர்களா? 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பிறந்த தேதியைப் பார்க்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராயினும், பிறப்பால் இந்தியர். அன்று முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதன் பிறகு பிறந்தவருக்கு இருவருமே இந்தியராக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். அக்காவும் தம்பியும் ஒரே குடிசையில் பிறந்திருந்தாலும், அக்கா 1986இல் பிறந்திருந்தால் இந்தியர், தம்பி 1988இல் பிறந்திருந்தால் அல்ல.

இந்த விதி பல முகாம்களில் பலருக்கு நெடுங்காலம் தெரியாமலே இருந்தது. மண்டபம் முகாமில் 1986 ஏப்ரலில் பிறந்து, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வாழ்ந்த ஒரு பெண், இந்தியக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 2022 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், அவர் பிறப்பால் இந்தியக் குடிமகள், கடவுச்சீட்டு வழங்குக என்று உத்தரவிட்டார். 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். தன் கையிலிருந்த பிறப்புச் சான்றின் தேதி எவ்வளவு கனமானது என்பது தெரிந்ததால் அவர் ஜெயித்தார். 1983க்கும் 1987 ஜூனுக்கும் இடையில் தமிழ்நாட்டில் பிறந்த, இன்னமும் ‘அகதி’ என்றே பதிவேட்டில் நிற்கும் எத்தனை பேர் நூறு முகாம்களில் இருக்கிறார்கள் என்று அரசே தேடிக் கண்டுபிடித்திருக்கலாம். பதிவேடுகள் எல்லாம் வருவாய்த் துறையிடம்தானே இருக்கின்றன?

மலையகத்திலிருந்து வந்தவர்களின் கதை இன்னும் கொடியது. 1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், தேயிலைத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகவும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதாகவும் முடிவானது. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974இல் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள், போர் மூண்டு தலைமன்னார்–ராமேஸ்வரம் கப்பல் நின்றதும் சிக்கிக்கொண்டார்கள். பிறகு படகேறி வந்தபோது, சட்டப்படி வந்திருக்க வேண்டிய அதே மண்ணில் அகதிகளாகப் பதியப்பட்டார்கள். 2019 ஜூன் 17 அன்று, கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களைச் சேர்ந்த இப்படிப்பட்ட 65 பேர் தொடுத்த வழக்கில், அவர்களின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்க மத்திய அரசுக்கு உத்தரவிட்டார் இதே நீதிபதி. பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய கண்டித் துணைத் தூதரகத் தாள், தோட்டத்துப் பிரசாவுரிமை விண்ணப்ப நகல், தாத்தாவின் பெயரில் உள்ள ஊர் முகவரி – இவற்றைக் கரையான் அரிக்க விட்டவர்கள், பேரப்பிள்ளைகளின் வழக்கையே அரிக்க விட்டவர்கள் ஆகிறார்கள். 2018 நவம்பர் 16இல் கஜா புயல் கூரைகளைப் பிய்த்தெறிந்த மாவட்டம் இது. எல்லாத் தாளையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள், நகலொன்றை உறவினரிடமோ வழக்கறிஞரிடமோ கொடுத்து வையுங்கள், படம் பிடித்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள் என்று சொல்ல வேறு காரணம் தேவையில்லை.

இனி, ஆள் வாசலில் வந்து நிற்கும் நேரம்.

முகாமில் அதிகாரிகள் வருவது புதிதல்ல. ரோல்கால் நாளில் வருவாய்த் துறை ஆள் பதிவேட்டைத் திறப்பார். காவல்துறை உளவுப் பிரிவான கியூ பிராஞ்சின் காவலர் நின்று பார்ப்பார். கல்லூரிக்கோ பெயின்ட் அடிக்கும் வேலைக்கோ வெளியூர் போன மகன் ஏன் இல்லை என்று அம்மா பதில் சொல்ல வேண்டும். இது நிர்வாகச் சரிபார்ப்பு. இதற்கு ஒத்துழைப்பதும், வெளியூர் போவதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கி வைப்பதும் புத்திசாலித்தனம். ஆனால் சரிபார்ப்பு வேறு, விசாரணை வேறு, கைது வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, ‘ஐயா கூப்பிட்டாங்க, போனேன்’ என்று கிளம்பிப் போவதில்தான் ஆபத்து இருக்கிறது.

2025ஆம் ஆண்டின் சட்டப்படி, தலைமைக் காவலர் நிலைக்குக் குறையாத எந்தக் காவல் அதிகாரியும் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். செல்லத்தக்க கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். விசாக் காலம் முடிந்தும் தங்கினால் மூன்றாண்டு வரை, மூன்று லட்சம் வரை. போலி ஆவணத்தைப் பயன்படுத்தினால் குறைந்தது இரண்டாண்டு, அதிகபட்சம் ஏழாண்டு. கடைசியாகச் சொன்னதை முகாம் இளைஞர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். ‘ஒரு லட்சம் கொடு, இந்தியப் பாஸ்போர்ட் எடுத்துத் தருகிறேன்’ என்று வரும் ஏஜெண்ட், தாளில்லாத ஒருவரைப் போலித் தாள் வைத்திருப்பவராக மாற்றிவிடுகிறான். முதலாவது நிலைக்கு இரக்கம் காட்டும் நீதிமன்றம் இரண்டாவதற்குக் காட்டாது.

ஆனாலும் அரசமைப்புச் சட்டம் இவர்களைக் கைவிடவில்லை. 19ஆம் உறுப்பு – எங்கும் வசிக்க, எந்தத் தொழிலும் செய்ய உரிமை – குடிமக்களுக்கு மட்டும். 14, 20, 21, 22 ஆகியவை ‘எந்த நபருக்கும்’ உரியவை. 1996இல் சக்மா அகதிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுவே: உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21ஆம் உறுப்பு அந்நியருக்கும் பொருந்தும். எனவே குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் கைது பற்றி உள்ள பாதுகாப்புகள் தோப்புக்கொல்லைவாசிக்கும் திருவரங்குளம் கடைத்தெருக்காரருக்கும் ஒரே மாதிரி. கைது செய்யும் அதிகாரி தன் பெயர் தெரியும்படி இருக்க வேண்டும். கைதுக் குறிப்பு ஒன்று எழுதி, அதில் குடும்பத்தினரோ ஊர்ப் பெரியவரோ ஒருவரைச் சாட்சியாகக் கையெழுத்திட வைக்க வேண்டும். காரணத்தைக் கைதானவருக்குச் சொல்லியாக வேண்டும் – சொல்லாத கைதே செல்லாது என்று 2025 பிப்ரவரியில் விஹான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதிசெய்தது. உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் போக, நடுவர் முன் நிறுத்த வேண்டும். விதிவிலக்கான சூழல் தவிர, பொழுது சாய்ந்த பின் பெண்களைக் கைது செய்யக் கூடாது. சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால், பெண்ணை அவர் வசிக்கும் இடத்தில் வைத்துத்தான் விசாரிக்க வேண்டும்; காவல் நிலையத்துக்கு அழைக்கக் கூடாது. விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம்.

இவற்றில் நான் மிக முக்கியமாகக் கருதுவது, அதிகம் பேசப்படாத ஒன்று. காவல் அதிகாரியிடம் விசாரணையில் கொடுக்கும் வாக்குமூலத்தில், சொன்னவர் கையெழுத்திட வேண்டியதில்லை என்று சட்டமே சொல்கிறது. எழுதாத தாளில் கையெழுத்தோ, படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கைரேகையோ யார் கேட்டாலும், ‘ஐயா, வக்கீல் வந்து வாசிச்சுச் சொல்லட்டும், பிறகு போடுறேன்’ என்று பணிவாகச் சொல்லலாம். எதிர்த்துப் பேசவோ, தள்ளவோ, ஓடவோ வேண்டாம். பொய்ப் பெயரும் சொல்ல வேண்டாம். பெயர், முகவரி, பதிவு எண், இவ்வளவைச் சொல்லிவிட்டு, தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயமில்லை என்ற 20(3)ஆம் உறுப்பின் நிழலில் வாய் மூடி நிற்கலாம்.

வக்கீலுக்குக் காசு எங்கே? 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அதில் குடிமகன் என்ற நிபந்தனை இல்லை. புதுக்கோட்டை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். இந்த எண் முகாமின் ஒவ்வொரு வீட்டிலும் காலண்டர் பக்கத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இங்கே ஒரு நுட்பமான விஷயம். வெளிநாட்டவர் கைதானால், விரும்பினால் தன் நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்கச் சொல்லலாம் என்கிறது 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையின் 36ஆம் உறுப்பு. குல்பூஷண் ஜாதவ் வழக்கில் பாகிஸ்தான் இதை மீறியது என்று 2019 ஜூலையில் சர்வதேச நீதிமன்றத்தில் இந்தியா வென்றது. ஆனால் அகதிக்கு இந்த உரிமை இருபக்கமும் கூரானது. எந்த அரசிடமிருந்து தப்பி ஓடினாரோ அந்த அரசின் தூதரகத்துக்குத் தன்னைப் பற்றித் தெரிவிக்க அவர் விரும்பாமல் இருக்கலாம். ‘வேண்டாம்’ என்று சொல்வதும் உரிமைதான். அவர் கூப்பிட வேண்டியது வழக்கறிஞரையும், சென்னையில் உள்ள ஐ.நா. அகதிகள் ஆணைய அலுவலகத்தையும்.

கைதுக்கு 24 மணி நேரக் கணக்கு உண்டு. சிறப்பு முகாமுக்கு அந்தக் கணக்கு இல்லை. பழைய சட்டத்தின் 3(2)(e) பிரிவின் கீழ், ஒரு வெளிநாட்டவர் குறிப்பிட்ட இடத்தில்தான் வசிக்க வேண்டும் என்று மாநில அரசு ஆணையிட முடிந்தது. ‘வசிக்க வேண்டும்’ என்ற அந்தச் சொற்களின் மேல்தான் வேலூரிலும் செங்கல்பட்டிலும் பூந்தமல்லியிலும் திருச்சியிலும் சிறப்பு முகாம்கள் எழுந்தன. பிணை கிடைத்தவரும் தண்டனை முடிந்தவரும் சிறை வாசலிலிருந்து நேரே அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். ராஜீவ் கொலை வழக்கில் 2022 நவம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்ட சாந்தன், திருச்சி சிறப்பு முகாமில் அடைபட்டு, தாயைப் பார்க்க ஊர் போக அனுமதி கிடைத்தும் போக முடியாமல், 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை அரசு மருத்துவமனையில் இறந்தார். வழக்கைப் பற்றி எவருக்கு என்ன கருத்து இருந்தாலும், விடுதலையானவரை எல்லை தெரியாத காலத்துக்கு அடைத்து வைப்பதை ‘வசிப்பிட ஒழுங்கு’ என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. நீதிமன்றங்களும் இங்கே பெரிதாகக் கைகொடுக்கவில்லை. அந்நியரை வெளியேற்றும் அதிகாரம் அரசுக்கு முழுமையாக உண்டு என்று 1955இல் ஹான்ஸ் முல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 மே 19 அன்று, தண்டனை முடிந்து ஏறத்தாழ மூன்றாண்டுகள் அடைபட்டிருந்த ஓர் இலங்கைத் தமிழரின் மனுவைத் தள்ளுபடி செய்தபோது, இந்தியா ஒரு தர்மசத்திரம் அல்ல என்றார்கள் நீதிபதிகள். கிடைத்த வாசல் ரிட் மனுதான். புதுக்கோட்டை மதுரைக் கிளையின் எல்லைக்குள் வருகிறது. மனிதர் காணாமல் போன முதல் நாளே ஆட்கொணர்வு மனு போடுவதற்கு, முன்பே பேசிவைத்த வழக்கறிஞர் ஒருவர் வேண்டும்.

திரும்பிப் போகிறவர்களுக்கும் வாசலில் ஆள் நிற்கிறார்கள். 2025 மே இறுதியில், தமிழ்நாட்டு முகாமிலிருந்து ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு ஊர் திரும்பிய முதியவர் ஒருவர், பலாலி விமான நிலையத்தில் இறங்கியதும் கைது செய்யப்பட்டார். பல்லாண்டுகளுக்கு முன் உயிருக்குப் பயந்து, உரிய துறைமுகம் வழியாக இல்லாமல் படகில் வெளியேறினார் என்பது இலங்கையின் குடிவரவு குடியகல்வுச் சட்டத்தின் கீழ் குற்றமாம். பிறகு பிணையில் வந்தார்; ஆணையம் திருப்பி அனுப்பும் உதவியைச் சிறிது காலம் நிறுத்திவைத்தது. குண்டு விழும்போது குடியகல்வுச் சாவடியில் வரிசையில் நின்று முத்திரை வாங்கியிருக்க வேண்டும் என்கிற சட்டம்! புறப்படும் முன் வெளியேறும் அனுமதி, தங்கிய காலத்துக்கான கட்டண விலக்கு, இலங்கைத் துணைத் தூதரகம் தரும் பயண ஆவணம், பிறப்புப் பத்திரம் – இவற்றோடு, அங்கே கைது நடந்தால் ஆஜராக யாழ்ப்பாணத்து வழக்கறிஞர் ஒருவரின் எண்ணையும் இனிமேல் எடுத்துக்கொண்டுதான் விமானம் ஏற வேண்டும்.

தயாராக இருப்பதும் இல்லாதிருப்பதும் ஒரு குடும்பத்தை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு, உலகத் தமிழர் அறிந்த உதாரணம் பிலோயிலா குடும்பம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் ஒரு சிறு ஊர் பிலோயிலா. ஈழத்திலிருந்து தமிழ்நாடு வந்து வாழ்ந்து, பின் ஆஸ்திரேலியா போன பெண். அங்கேயே அறிமுகமாகி மணந்த கணவர். அங்கே பிறந்த இரண்டு பெண் குழந்தைகள். 2018 மார்ச் 5, விடியற்காலை ஐந்து மணி. தற்காலிக விசா முடிந்த மறுநாள். அதிகாரிகள் கதவைத் தட்டி, சாமான் கட்டப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். அடுத்த நான்கு ஆண்டுகள் மெல்பர்ன் தடுப்பு மையத்திலும் கிறிஸ்துமஸ் தீவிலும் பெர்த் நகரிலுமாகக் கழிந்தன. 2019 ஆகஸ்டில் நாடு கடத்தும் விமானம் பறக்கத் தொடங்கிய பின், நீதிபதி தொலைபேசியில் பிறப்பித்த தடையாணை டார்வினில் அதை இறக்கியது. விமானம் கிளம்பும் அந்த நேரத்தில் வழக்கறிஞர் தயாராக இருந்தார்; ஊர்க்காரர்கள் வீதிக்கு வந்திருந்தார்கள். 2022 ஜூனில் அவர்கள் பிலோயிலா திரும்பினார்கள். ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. அந்த ஊர் மக்கள் சட்டம் படித்தவர்கள் அல்லர். அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் காணோம் என்று கேட்கத் தெரிந்தவர்கள்.

திருவரங்குளத்துப் பக்கத்து ஊர்களிலிருந்து மலேசியா போகிறவர்களுக்கும் இதில் பாடம் இருக்கிறது. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள் மலேசியாவில் இருக்கலாம். அதை நம்பி, ‘போய் இறங்கு, வேலை பார்த்துக்கலாம்’ என்கிறான் ஏஜெண்ட். முப்பத்தோராம் நாள் அந்த மனிதர் சட்டத்துக்கு வெளியே. மலேசிய அரசமைப்பு, குடியேற்றச் சட்டத்தில் பிடிபட்ட வெளிநாட்டவரை 14 நாள் வரை நடுவர் முன் நிறுத்தாமல் வைத்திருக்க அனுமதிக்கிறது. நம் ஊரின் 24 மணி நேரத்தை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. அங்கீகாரமின்றி நுழைந்தவருக்குப் பிரம்படியும் சட்டத்தில் உண்டு. ஆனால் அதே நாட்டில், தொழிலாளியின் கடவுச்சீட்டை முதலாளி பிடுங்கி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். அவ்வப்போது பொதுமன்னிப்புத் திட்டமும் வரும். 2024 மார்ச் 1 முதல் டிசம்பர் 31 வரை 300 முதல் 500 ரிங்கிட் தண்டத்தொகை கட்டிவிட்டு, வழக்கில்லாமல் ஊர் திரும்ப வழியிருந்தது. கடவுச்சீட்டின் முதல், கடைசிப் பக்க நகல்கள், வேலை ஒப்பந்தம், முதலாளியின் முழு முகவரி ஆகியவை ஊரில் மனைவியிடமோ அப்பாவிடமோ இருந்தால், கோலாலம்பூர்த் தூதரகத்துக்கு எழுதும் மனு ஒரே நாளில் தயாராகும். அது இல்லாத வீட்டில், ‘தம்பி மூணு வாரமா போன் பண்ணல’ என்பதற்கு மேல் சொல்ல எதுவும் இருக்காது. இந்த மாவட்டத்தின் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவக் குடும்பங்களுக்கு இது பழகிய வேதனை. கடலில் ஆள் பிடிபட்டால், படகு எண்ணும் ஆள் பெயரும் எழுதிய மனுவோடு மறுநாளே ஆட்சியர் அலுவலகத்தில் நிற்க அவர்கள் கற்றிருக்கிறார்கள். உள்நாட்டு ஊர்கள் கடற்கரையிடம் கற்க வேண்டியது அது.

முடிவாக, ஒரு தேதி. 2025 செப்டம்பர் 1 அன்று புதிய சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, கூடவே வந்த விலக்கு ஆணையில், 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, கடவுச்சீட்டும் விசாவும் இல்லாததற்கான தண்டனை பொருந்தாது என்று சொல்லப்பட்டது. அந்த ஜனவரி 9 கொழும்பில் மைத்திரிபால சிறிசேன அதிபராகப் பதவியேற்ற நாள். நாற்பதாண்டுக் காலமாகத் தலைக்கு மேல் தொங்கிய கத்தியை இந்த ஆணை எடுத்திருக்கிறது. அதை மனமாரப் பாராட்ட வேண்டும். ஆனால் அது தண்டனையிலிருந்து விலக்கே ஒழிய, குடியுரிமை அல்ல, நீண்டகால விசாவும் அல்ல. அந்த விலக்குக்கும் ‘பதிவு செய்துகொண்ட’ என்ற நிபந்தனை உண்டு. எப்போது வந்தார், எங்கே பதிந்தார் என்று காட்ட வேண்டியது மறுபடியும் அகதியின் தலையில்தான்.

தமிழ்நாட்டு வருவாய்த் துறையிடமும் காவல்துறையிடமும் 1983 முதல் பதிவேடுகள் இருக்கின்றன. வந்த தேதி, இறங்கிய கரை, குடும்ப உறுப்பினர், முகாம் மாறிய விவரம், பிறப்பு, இறப்பு எல்லாம் அவற்றில் உண்டு. ஒவ்வொரு நபருக்கும், இந்த விலக்கு ஆணை எண்ணையும் அவரது முதற்பதிவுத் தேதியையும் குறிப்பிட்டு, பெயரின் எல்லா எழுத்துக்கூட்டல்களையும் ஒரே ஆளுக்குரியவை என்று சான்றளித்து, மாவட்ட ஆட்சியர் கையொப்பத்தோடு ஒரே ஒரு தாள் கொடுக்க முடியும். இதற்கு மத்திய அரசின் அனுமதி வேண்டியதில்லை. தன் பதிவேட்டில் இருப்பதை எழுதிக் கொடுக்க எந்த அலுவலகத்துக்கும் அதிகாரம் உண்டு. 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர்களையும் மலையக வம்சாவளியினரையும் அந்தக் கணக்கெடுப்பிலேயே தனியே பிரித்து, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் ஒப்படைக்கலாம். வீடு கட்டிக் கொடுத்த துறையால் இதைச் செய்ய முடியாதா?

2022 மார்ச்சில், பொருளாதாரம் நொறுங்கி, அரிசிக்கும் பால்மாவுக்கும் வழியில்லாமல் அரிச்சல்முனையிலும் மணல்திட்டுகளிலும் வந்து இறங்கிய குடும்பங்களுக்கு இந்த ஆணையில் இடமில்லை. அவர்கள் வந்தது 2015க்குப் பின். மண்டபத்தில் தங்க இடமும் சோறும் கொடுத்த மாநில அரசு, அவர்களையும் ஆணைக்குள் சேர்க்கும்படி உள்துறை அமைச்சகத்திடம் கேட்க வேண்டும். சட்டத்தின் கண்ணில் அவர்கள் இன்று ஐந்தாண்டு வரையிலான சிறைக்கு உரியவர்கள். அவர்களில் கைக்குழந்தைகளும் இருந்தார்கள்.